கையில் ஒட்டிய பொத்தானும் தட்டுவடை செட்டும்: 14 நாள் சர்க்கரை சென்சார், என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இருந்தும் போன மே மாதத்தில் பாதி நாள், இடது மேல்கையின் பின்பக்கம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைப் பொத்தானை ஒட்டிக்கொண்டு கடைவீதி, பட்டறை, கல்யாண வீடு என்று எல்லா இடத்துக்கும் போய்வந்தேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் "கொசு கடிக்காம இருக்க ஒட்டறதா?" என்று கேட்டார்கள். கொசுவுக்கு இல்லை. உடம்பில் ஓடும் சர்க்கரையை ராத்திரி பகல் பார்க்காமல் அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார் அது. நான் கொடுத்த விலை 5,200 ரூபாய், ஆயுள் 14 நாள், அதற்கப்புறம் குப்பை. வாங்கலாமா என்று கேட்டால், ஒருமுறை வாங்கலாம், இரண்டாவது முறை வேண்டாம், அந்த ஒருமுறையும் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் வேண்டாம். நான் பார்ப்பதற்கு முன்னால்தான் வாங்கினேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு 48 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், வீடு கன்னங்குறிச்சி. ஒன்றரை வருடமாகவே பீரியட்ஸ் தாறுமாறு. இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது, சரி, நின்றுவிட்டது போல என்று நாப்கின் பாக்கெட்டை அலமாரியின் பின்னால் தள்ளினால் மூன்றாவது மாதம் பத்து நாள் விடாமல் கொட்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து ஒரு அனல் கிளம்பி முகம், காது, உச்சந்தலை என்று ஏறும், நைட்டி நனைந்துவிடும், சில நிமிடத்தில் அடங்கி அப்புறம் குளிரும். இதை வெளியே சொன்னால் சேலத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சித்திரையில் இங்கே யாருக்குத்தான் வேர்க்காது? ஏசியை 22இல் வைத்தால் பக்கத்தில் வீட்டுக்காரர் இரண்டு போர்வைக்குள் நடுங்குவார், நான் ஜன்னலோரம் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பேன்.

இதோடு தொப்பை. இரண்டு வருடத்தில் 5 கிலோ ஏறியது, ஐந்தும் ஒரே இடத்தில். கையும் காலும் முன்பைவிட மெலிந்துவிட்டன, வயிறு மட்டும் தனி ஆள் மாதிரி முன்னால் நடக்கிறது. சுடிதார் தைக்கும் அக்கா இஞ்ச் டேப்பைச் சுற்றி 36 என்று சொல்லிவிட்டு, நான் வருத்தப்படுவேன் என்று "மூச்ச விடுங்க, சரியா பார்க்கலாம்" என்றார். விட்டுப் பார்த்தாலும் 36தான். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஏப்ரலில் ஒரு லேபில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று ஏதோ பேக்கேஜ் போட்டிருந்தார்கள், தள்ளுபடி வேறு. எடுத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.3. கெட்ட கொழுப்பு 148, இரண்டு வருடம் முன்னால் அதே 117ஆக இருந்தது, இத்தனைக்கும் எண்ணெய் மாற்றவில்லை, சமையல் மாற்றவில்லை. எச்பிஏ1சி 5.7இலிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 என்றால் சர்க்கரை நோய். ஆக நான் கோட்டின் நுனியில் நிற்கிறேன். அடுத்த பக்கத்தில் ஹீமோகுளோபின் 9.2 என்று இருந்தது, அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ரிப்போர்ட்டைக் காட்டிய முதல் டாக்டரும் பார்க்கவில்லை. "வயசாச்சுல்ல, இனிமே இப்படித்தான், அரிசியைக் குறைங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் போய் வாங்கியதுதான் சென்சார்.

மருந்துக் கடையில் எனக்காகக் கேட்கிறேன் என்று சொன்னதும் கடைத்தம்பி "எவ்வளவு யூனிட் இன்சுலின் போடறீங்கக்கா?" என்றான். இன்சுலினே இல்லை என்றதும் ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தான், என் போனை வாங்கி அந்த ஆப் அதில் வேலை செய்யுமா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கொடுத்தான். இதை நீங்களும் செய்யுங்கள், பழைய போன்களில் எல்லாம் ஓடாது. ஒட்டியது கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அந்த உருளையை வைத்து ஒரு அழுத்து. டக் என்று சத்தம், அவ்வளவுதான், பூச்சி கடித்த அளவுக்குக்கூட வலி இல்லை. ஊசி உள்ளே போய் வெளியே வந்துவிடும், ஒரு மெல்லிய இழை மட்டும் தோலுக்கு அடியில் தங்கும். அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரைத்தான் அளக்கிறது. அதனால் விரலில் குத்திப் பார்ப்பதைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். முதல் நாள் எண்களை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

மூன்றாம் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மணி மூன்று இருக்கும், போன் ஆம்புலன்ஸ் மாதிரி அலறுகிறது. எடுத்துப் பார்த்தால் சிவப்பில் 58. நான் முழுக்க வேர்த்து நனைந்திருக்கிறேன், நெஞ்சு படபடக்கிறது. லோ சுகர் என்றால் வேர்க்கும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்துவிட்டது. அப்படியானால் இத்தனை மாதமாக ராத்திரியில் எனக்கு வந்தது எல்லாம் அதுதானா என்று ஒரே பயம். வீட்டுக்காரர் சமையலறைக்கு ஓடி, அவசரத்தில் சர்க்கரை என்று நினைத்து ரவையை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். அத்தைதான் எழுந்து வந்து, "மொதல்ல மாமாவோட மிஷின்ல குத்திப் பாருங்க" என்றார். மாமனாருக்கு இருபது வருடச் சர்க்கரை, குளுக்கோமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது. குத்தினோம், 97. பத்து நிமிடம் கழித்துச் சென்சாரும் நல்ல பிள்ளையாக 94க்கு வந்துவிட்டது. விஷயம் இதுதான்: நான் இடது பக்கமாக, சென்சார் இருக்கும் கையின் மேலேயே படுத்திருந்தேன். அந்த இடம் அழுங்கினால் நீர் ஒதுங்கி, பொய்யாகக் குறைத்துக் காட்டும். பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது, யார் படித்தார்கள்? சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்காத ஒருவருக்கு ராத்திரி அப்படி இறங்குவது அபூர்வம் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். எனக்கு வேர்த்தது ஹார்மோனால்தான், சர்க்கரையால் இல்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரி எல்லோருக்கும் ஒரு வயது கூடிவிட்டது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், எல்லோரும் கேட்பது அதைத்தான். இதெல்லாம் என் உடம்பில் வந்த எண்கள், உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். காலையில் நாலு இட்லி, சாம்பார், அவசரமாக விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினால் 172. அதே நான் மூன்று இட்லியும், அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டலும், தொட்டுக்கொள்ளக் கடலைச் சட்னியும் சாப்பிட்டால் பெரும்பாலும் 140ஐத் தாண்டவில்லை. ராகிக் களியில்தான் பெரிய ஏமாற்றம். சுகர்காரர்களுக்கு ராகி என்று எங்கள் தெருவில் வேதவாக்கு, ஒரு முழு உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன், 181. மாவாக நைசாக அரைத்துக் கிண்டிவிட்டால் அது வயிற்றுக்குள் வேகமாகத்தான் கரையும் போல. ராகியை விட்டுவிடச் சொல்லவில்லை, அதில் இருக்கும் கால்சியம் இந்த வயதில் தங்கம், உருண்டையின் அளவுதான் பிரச்சினை. பாதி உருண்டையும் இரண்டு மடங்கு கீரையும் என்று மாற்றியதும் அடங்கியது.

ஜவ்வரிசியைப் பற்றிச் சேலத்துக்காரி வாயால் குறை சொல்லக் கூடாதுதான், ஊருக்கே சோறு போட்ட தொழில். ஆனால் மரவள்ளிக் கிழங்கிலிருந்து பிழிந்தெடுத்த மாவுச்சத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது? ஒரு டம்ளர் ஜவ்வரிசிப் பாயாசம் குடித்து முக்கால் மணி நேரத்தில் 204. சென்சார் ஒட்டியிருந்த நாட்களில் அதுதான் உச்சம். மாம்பழம் இரண்டாமிடம். மே மாதத்தில் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு மல்கோவாவைத் தொடாதே என்று சொல்ல எந்த டாக்டருக்கும் அதிகாரம் இல்லை என்பது என் கட்சி, அதனால் ஆராய்ச்சியாகவே செய்தேன். மதியம் சாதம் சாப்பிட்டு அதன் மேலேயே ஒரு முழுப் பழம்: 198. இன்னொரு நாள், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அப்புறம் அரைப் பழம், அப்புறம் மூக்கனேரிக் கரையில் இருபது நிமிட நடை: 143. அதே பழம், அதே நான். நடந்ததாலா, பாதியாக வெட்டியதாலா, சாதம் இல்லாததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றும் சேர்ந்துதான் இருக்கும். எனக்குப் பிரித்துத் தெரிய வேண்டியதும் இல்லை.

இப்போது தட்டுவடை செட். பட்டறை முடிந்து ஆறு மணிக்குத் தள்ளுவண்டியில் நின்று தின்னும் அந்த ஒரு தட்டுதான் எனக்கு நாளின் சந்தோஷம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி, கடிக்கும்போது ஒரு பக்கம் வழிந்து சேலையில் விழுமே, அதேதான். பயந்துகொண்டே சாப்பிட்டேன். 131! வெற்றி என்று மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் திருப்பி எழுதினாள், "அம்மா, அது சுகர் மட்டும்தான் காட்டும், எண்ணெயைக் காட்டாது." என் கெட்ட கொழுப்பு 148 என்பதை அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை, அநேகமாக அவள் அப்பாதான்.

இந்தப் பொருளில் எனக்குப் பெரிய குறையாகப்படுவதே அதுதான். எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் சர்க்கரை மெதுவாக ஏறும், கோடு அழகாகத் தட்டையாக இருக்கும், ஆப் பச்சை நிறத்தில் பாராட்டும். ஒரு வாரம் அதைப் பார்த்து அதற்கேற்ற மாதிரி சாப்பிட ஆரம்பித்தால் இட்லியை விட்டுவிட்டுப் பஜ்ஜிக்குப் போய்விடுவோம். நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை நான் அப்படித்தான் இருந்தேன். பீரியட்ஸ் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும்போது சர்க்கரை மட்டுமா மாறுகிறது? இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு இப்போது வயிற்றுக்குள் குடல்களைச் சுற்றிச் சேருகிறது, இன்சுலின் சொன்னதை உடம்பு முன்போலக் கேட்பதில்லை, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, தசை கரைகிறது, எலும்பு முதல் சில வருடங்களில் வேகமாகத் தேய்கிறது. கையில் ஒட்டிய பொத்தான் இதில் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து காட்டுகிறது.

ஆனால் அந்த ஜன்னல் வழியாக நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன், 5,200 ரூபாயும் அதற்கே சரியாகிவிட்டது. ராத்திரியில் மூன்று தடவை அனலில் எழுந்து, ஜன்னல் திறந்து, நைட்டி மாற்றி, விடியும் வரை புரண்ட நாட்களின் மறுநாள் எல்லாம் எண்கள் கெட்டுப்போயிருந்தன. வெறும் வயிற்றிலேயே 112, 114. சுண்டலோடு சாப்பிட்ட அதே மூன்று இட்லிக்கு 165. தூங்கிய நாளில் அதுவே 138. பத்தாம் நாள் சனிக்கிழமை, மச்சினர் குடும்பத்தோடு ஏற்காடு போய் ஒரு ராத்திரி தங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினால் எனக்கு வாந்தி வரும், அது தனிக் கதை. மேலே போனதும் அந்தக் குளிரில் ஃபேன்கூடப் போடாமல் படுத்தவள் விடிய ஐந்தரைக்குத்தான் கண் விழித்தேன். காபிக்கு முன்னால் பார்த்தால் 93. ஏற்காட்டுக் காற்றில் மருந்து இருக்கிறது என்று மச்சினர் ஆரம்பித்தார். காற்றில் ஒன்றும் இல்லை, குளிர்ந்த அறையில் அனல் குறைந்தது, அனல் குறைந்ததால் தூங்கினேன், தூங்கியதால் சர்க்கரை அடங்கியது. இரண்டு வருடமாக நான் சோற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் அது விழுந்துவிட்டது. அக்னி நட்சத்திர வெயில், அதற்கு மேல் என் சொந்த வெயில், வேர்த்து வேர்த்துப் பசை இளகி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியபோது தோலிலிருந்து தொங்கியது. கடைக்குப் போனால் "மே மாசத்துல சகஜம்தாங்கக்கா, மேல ஒட்டத் தனி பிளாஸ்டர் இருக்கு" என்று நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை எடுத்து வைக்கிறான். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி! வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன், இந்தி, ஆங்கிலம், பாட்டு, மறுபடி பாட்டு, நாற்பது நிமிடம் போனது. கடைசியில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஒட்டிய முறை, தேதி, படம் என்று கேட்ட எல்லாவற்றையும் அனுப்பியும் மாற்றுச் சென்சார் வரவில்லை. இரண்டு நாள் காசு போச்சு.

அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கை எடுத்துக்கொண்டுதான் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். இவரும் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சென்சார் படத்தை முதலில் பார்க்கவே இல்லை. முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாத்தறீங்க?" இரண்டாவது, "படியேறினா மூச்சு வாங்குதா?" அப்புறம்தான் ரிப்போர்ட்டைத் திருப்பி அந்த 9.2ஐப் பேனாவால் வட்டம் போட்டார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடுமாம். சென்சாரின் சராசரி 106, அதை வைத்து ஆப் போட்ட கணக்குப்படி 5.8 சொச்சம்தான் வருகிறது, லேபில் 6.3. இடைவெளி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா என்று கேட்டார். புரிந்தது. பத்து நாள் விடாமல் கொட்டிய ரத்தத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அரிசியை மட்டும் எடுத்தார்கள்.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இந்த வயதில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு என்றால் "நிக்கப்போகுது, அதான்" என்று விடக் கூடாது, கர்ப்பப்பையின் உள்சவ்வைப் பார்த்தாக வேண்டும். அதேபோல் கடைசி பீரியட்ஸ் வந்து முழுசாக 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு, அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டும் பார்க்கச் சொன்னார், களைப்பு, எடை, பீரியட்ஸ் குழப்பம் எல்லாம் அதிலும் வரும். பேக்கேஜில் காசு கொடுத்து எடுத்த எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் டெஸ்ட்டின் எண்ணைக் காட்டினேன், சிரித்துவிட்டார். 45 வயதுக்கு மேல் அறிகுறிகளே போதும், அந்த ஹார்மோன் இன்று ஒன்று காட்டும் அடுத்த வாரம் வேறொன்று காட்டும், அதற்கு ஏன் செலவு என்றார்.

ஹார்மோன் சிகிச்சை என்று அவர் வாயெடுத்ததுமே நான் கேன்சர் என்றேன். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்து உலகம் முழுக்கப் பெண்கள் அந்த மாத்திரையைத் தூக்கிப்போட்டார்கள், அந்தப் பயம்தான் இங்கே வரை வந்திருக்கிறது என்றார். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, பெரும்பாலோருக்குப் பீரியட்ஸ் நின்று பல வருடம் ஆனவர்கள். 60க்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் இருந்து, அனலும் தூக்கமின்மையும் வாட்டி எடுத்தால், தடை ஒன்றும் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் அதிகம் என்பதே இன்றைய நிலை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் கதை வேறு. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, கூடவே புரோஜெஸ்டரோனும் வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "தொப்பை குறையவோ சுகர் வராம இருக்கவோ இதை யாரும் எழுதித் தர மாட்டோம்மா, அதுக்கு நீங்கதான் உழைக்கணும்" என்று முடித்தார். எனக்கு என்ன எழுதித் தந்தார் என்று இங்கே சொல்லப் போவதில்லை, சொன்னால் நாளைக்கே யாராவது அந்தப் பெயரை மருந்துக் கடையில் போய்க் கேட்பீர்கள்.

உழைப்பு என்றால் நடை மட்டும் போதாதாம். தசை இருந்தால்தான் சாப்பிட்ட சர்க்கரைக்குப் போக இடம் இருக்கும், எலும்புக்கும் அதுதான் துணை, வாரம் இரண்டு நாளாவது எடை தூக்க வேண்டும். ஜிம்முக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கப்புறம் பதினைந்து நிமிடம் நடை, செவ்வாயும் வெள்ளியும் கேன் தூக்குதலும் தோப்புக்கரணமும். எதிர்வீட்டுப் பையன் முதல் வாரம் சிரித்தான், இப்போது அவனும் எண்ணுகிறான்.

இதையெல்லாம் ஒரு நாள் சமையலறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை உளுந்தை வறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு 45இல் நின்றதாம், யாரிடமும் சொல்லவில்லையாம், ராத்திரி எழுந்து கிணற்றடியில் போய் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், மாமாவுக்கே தெரியாது. கரண்டியை வைத்துவிட்டு, "வயசுக்கு வந்தப்ப உளுந்தங்களி, நல்லெண்ண, பச்ச முட்டைனு ஊரே கூடி ஊட்டிச்சு கண்ணு. நிக்கறப்ப ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்கல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் செய்த களியில் கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்து, நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டு, எனக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்திருந்தார். கையில் சென்சார் இல்லாததால் எவ்வளவு ஏறியது என்று தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 11.8, எச்பிஏ1சி 5.8, இடுப்பு முப்பத்தைந்து சொச்சம். கெட்ட கொழுப்பு 141, அது அசைய மாட்டேன் என்கிறது, தட்டுவடை செட் வாரம் இரண்டாகிவிட்டது.

சென்சாருக்கு 5க்கு 3 கொடுக்கிறேன். ஒட்டுவது சுலபம், வலி இல்லை, எண்கள் பெரும்பாலும் சரி. வேர்வைக்குத் தாங்காது, தமிழில் பேச ஆள் கிடைக்கவில்லை, ராத்திரியில் ஊரைக் கூட்டும், பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சில சென்சார்கள் வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தால் கூட்டிக் காட்டும், இரும்பு மாத்திரையோடு அதையும் எழுதித் தருவார்கள், தாளைப் படியுங்கள். எம்ஆர்ஐ எடுப்பதாக இருந்தால் சில சென்சார்களைக் கழற்றிவிட வேண்டியிருக்கும், அதனால் அதற்கு முந்தின வாரம் ஒட்டிக் காசை வீணாக்காதீர்கள்.

ஆத்தூர் நாத்தனாருக்கு 45 ஆகிறது, போன வாரம் போன் செய்து "அண்ணி, எனக்கும் ராத்திரியெல்லாம் எரியுது, அந்தப் பொத்தானை ஒண்ணு வாங்கி அனுப்புங்க, ஜிபே பண்றேன்" என்றாள். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிபி, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார், காசு வாங்க மாட்டார்கள், அப்புறம் பொத்தானைப் பற்றிப் பேசலாம் என்றேன். முனகினாள், போயிருக்கிறாள். வியாழக்கிழமை ரிப்போர்ட் வருமாம்.